பின்வரிசைப் பெருவீரன்

கூத்துக் களரியிலே அரசன் வேடம் பூண்டு வருபவனை ஊர் முழுவதும் அறியும். விடிந்த பின்னரும் சிறுவர்கள் அவனைப் போலவே துள்ளிக் காட்டுவார்கள். அவனுக்குப் பின்னே நின்று இரவு முழுவதும் பிற்பாட்டுப் பாடியவனை எவரும் விசாரிப்பதில்லை. ஆயினும், அந்தப் பிற்பாட்டுக்காரனின் குரல் ஓரிடத்திலே தளர்ந்தால் அரசனின் ஆட்டமும் தளர்ந்துவிடும் என்பதை அண்ணாவியார் அறிவார். உதைபந்தாட்டத்திலும் இந்த நியாயமே நிலவுகின்றது. கோல் அடித்தவனின் பெயர் பத்திரிகையிலே தடித்த எழுத்தில் வருகின்றது. கோல் விழாமற் காத்தவனின் பெயரோ, அவன் பிழை விட்ட அன்றைக்கு மட்டுமே வருகின்றது.

இவ்வாறு பின்னே நின்று பெருவாழ்வு வாழ்ந்த ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகின்றேன். அவர் பெயர் கயெத்தானோ ஷிரேயா. இத்தாலி நாட்டவர். உலகக் கிண்ணத்தையும் ஐரோப்பாவின் பெருங்கிண்ணங்களையும் கையில் ஏந்தியவர். எனினும், அக்காலத்து உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மவர்கள் பிளாட்டினியைச் சொல்வார்கள், ரொஸ்ஸியைச் சொல்வார்கள், பின்கள வீரர் என்றால் ஜேர்மனியின் பெக்கன்பவரைச் சொல்வார்கள். ஷிரேயாவின் பெயர் இவர்களுக்கெல்லாம் பின்னரே வரும். பல வேளைகளில் வராமலே போய்விடும். அவரை மறந்தால் அந்தக் காலத்தின் வெற்றிகளையே சரிவர விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் துணிபு.

ஷிரேயா 1953ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, மிலான் நகரை அடுத்த செர்னுஸ்கோ என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சிசிலித் தீவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி. எளிமையும் உழைப்பும் குடியிருந்த வீடு அது. பேர்கமோ நகரின் அட்டலாண்டா கழகம் சிறுவனாக இருந்த அவரைத் தன் பாசறையிலே சேர்த்துக்கொண்டது. தொடக்கத்திலே முன்வரிசையிலும் நடுக்களத்திலும் ஆடிப் பழகியவர் அவர். பயிற்றுவிப்பாளர்கள் படிப்படியாக அவரைப் பின்னே நகர்த்தினார்கள். இளைஞர் பலர் இதனை இறக்கம் என்று எண்ணி மனம் நோவர். ஷிரேயாவோ சொன்ன இடத்திலே போய் நின்றார். 1972ஆம் ஆண்டு செப்டெம்பரில் இத்தாலியின் முதற்பிரிவு ஆட்டத்திலே முதன்முறையாக இறங்கினார். இரண்டு ஆண்டுகள் கழிந்ததும், 1974இல், தூரின் நகரின் புகழ்பெற்ற ஜுவென்டஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

அவர் நின்ற இடம் எத்தகையது என்பதை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். அக்காலத்து இத்தாலிய ஆட்டமுறை காவலையே உயிர்நாடியாகக் கொண்டது. எதிரணியின் முன்கள வீரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காவலரிடம் ஒப்படைக்கப்படுவார். அவரை நிழல்போலத் தொடர்வதே காவலரின் கடமை. இவர்கள் எல்லோருக்கும் பின்னால், எவரையும் தொடரும் பொறுப்பில்லாமல், ஒருவர் நிற்பார். அவரை இத்தாலியர் லிபரோ என்பர். கட்டற்றவர் என்பது அச்சொல்லின் பொருள். பெயர் அப்படியானாலும், பொறுப்பு அவருக்கே பெரிது. முன்னே நிற்பவர்களின் கால்களைக் கடந்து வரும் ஆபத்தெல்லாம் அவரிடமே வந்து சேரும். அவருக்குப் பின்னால் கோல் காப்பாளர் ஒருவரே உண்டு.

பழைய லிபரோக்களுள் பலர் வந்த பந்தை எங்காவது ஓங்கி உதைத்துவிட்டு மூச்சு விடுவார்கள். ஷிரேயா அப்படிச் செய்பவரல்லர். பந்து எங்கே வரும் என்பதை முன்னரே உய்த்துணர்ந்து அங்கே போய் நிற்பார். வந்ததும் அமைதியாகக் காலிலே வாங்கிக்கொள்வார். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பார். பின்னர் தாமே பந்தைக் கொண்டு நடுக்களம் வரை நடப்பார். காவல் முடிந்த அந்த இடத்திலேயே தாக்குதல் தொடங்கிவிடும். பின்வாங்கிக் கிடந்த அணி ஒரு கணத்திலே முன்னேறும் அணியாகிவிடும். இத்தனையும் ஆரவாரமின்றி நடப்பதனால், பார்ப்போர் கண் அவரிலே தங்குவதில்லை. பந்தைப் பெற்றுக்கொண்டவரிடம் ஓடிவிடும்.

அவரைப் பற்றிய செய்திகளுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஒன்று. பதினாறு ஆண்டுக் காலம் காவல் வீரராக ஆடிய ஷிரேயாவை எந்த மத்தியஸ்தரும் ஒருமுறையேனும் மைதானத்திலிருந்து வெளியேற்றியதில்லை. இத்தாலியக் காவல் வீரர்களின் கடுமை உலகறிந்தது. அவருடைய தோழர் கிளாடியோ ஜென்டிலே, 1982இல் மரடோனாவைப் பிடித்தும் இழுத்தும் இடித்தும் அடக்கிய விதம் இன்றுவரை பேசப்படுகின்றது. அத்தகையோர் நடுவே நின்றவர் ஷிரேயா. இதனை வெறும் சாதுத்தன்மை என்று கொள்ளலாகாது. காலந்தாழ்த்தி வந்து சேர்பவனே எதிரியின் காலைத் தட்டுவான். மழை வருமுன் கூரை வேய்ந்தவன் இரவிலே சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஷிரேயாவின் பண்புக்கும் அவருடைய ஆட்ட அறிவுக்கும் வேர் ஒன்றே. வள்ளுவர் அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார்; அடக்கம் என்பது ஒருவகை ஆற்றல் என்பதற்கு இந்த இத்தாலியரின் வாழ்வை உதாரணமாகக் காட்டலாம்.

1982ஆம் ஆண்டு ஸ்பெயினிலே நடந்த உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டி அவர் வாழ்வின் சிகரம். இத்தாலி முதற்சுற்றின் மூன்று ஆட்டங்களையும் சமநிலையிலேயே முடித்தது. நாட்டிலே ஏளனம் பெருகிற்று. வீரர்கள் பத்திரிகையாளரோடு பேசுவதையே நிறுத்தினர். அதன்பின் அந்த அணி ஆர்ஜென்டீனாவை வென்றது, பிரேசிலை 3-2 என வென்றது, போலந்தை வென்றது. பாவ்லோ ரொஸ்ஸி ஆறு கோல்கள் அடித்து உலகப் புகழ் பெற்றார். பிற்காலத்திலே பெரும் புகழெய்திய பிராங்கோ பரேசி அந்த அணியிலே இருந்தும் ஓர் ஆட்டத்திலேனும் இறங்கவில்லை. அவர் நிற்கக்கூடிய இடத்திலே ஷிரேயா நின்றார்.

ஜூலை 11ஆம் திகதி மட்ரிட் நகரிலே மேற்கு ஜேர்மனியோடு நடந்த இறுதியாட்டத்தைப் படப்பிடிப்பிலே பலமுறை பார்த்திருக்கின்றேன். இத்தாலியின் இரண்டாவது கோலை அடித்தவர் மார்க்கோ டார்டெல்லி. அடித்துவிட்டு, இரு கைகளையும் முறுக்கி, தலையை அசைத்து, அலறிக்கொண்டு ஓடிய அவர் உருவத்தை உலகம் மறக்கவில்லை. நான் ஒவ்வொரு முறையும் அதற்கு முந்திய சில கணங்களையே தேடிப் பார்ப்பதுண்டு. அங்கே, ஜேர்மனியரின் கோலுக்கு அண்மையிலே, பந்தோடு நிற்கின்றார் ஷிரேயா! தம் அணி ஒரு கோலால் முன்னிற்கும்போது லிபரோ பின்னே நின்று காவல் புரிவதே வழக்கம். அவரோ எதிரியின் எல்லைக்குள் புகுந்து, பதினெட்டு வயதுப் பின்கள வீரர் பேர்கோமியிடம் பந்தைக் கொடுத்து, மீண்டும் வாங்கி, எவ்விதப் பதற்றமுமின்றி டார்டெல்லியின் வழியிலே தள்ளுகின்றார். கோல் விழுந்ததும் படக்கருவி டார்டெல்லியைத் தொடர்கின்றது.

அந்த வெற்றியின் நினைவாக மூன்று காட்சிகளை இத்தாலியர் போற்றுவர். ஒன்று, டார்டெல்லியின் அலறல். இரண்டாவது, நாற்பது வயதான அணித்தலைவர் டீனோ ஸொஃப் கிண்ணத்தை உயர்த்தியமை. மூன்றாவது, நாடு திரும்பும் விமானத்திலே குடியரசுத் தலைவர் பெர்ட்டினி, பயிற்றுவிப்பாளர் பேர்ஸொத்தோடும் வீரர் இருவரோடும் சீட்டாடியமை. இம்மூன்றில் ஒன்றிலேனும் நாயகராக ஷிரேயா இல்லை. அன்றிரவு தோழர்கள் கொண்டாட்டத்திலே மூழ்கியிருந்தபோது, ஸொஃபும் ஷிரேயாவும் தங்கள் அறைக்குத் திரும்பி, அமைதியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பிற்காலத்திலே ஸொஃப் நினைவுகூர்ந்திருக்கின்றார். இருவரும் நீண்டகாலம் ஒரே அறையிலே தங்கியவர்கள். இருவரும் அதிகம் பேசாதவர்கள். சத்தமேயில்லாத அந்த அறையைத் தோழர்கள் சுவிற்சர்லாந்து என்று கேலி செய்வார்களாம்.

வெற்றிகளோடு தோல்விகளும் அவரைத் தேடி வந்தன. 1983ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி அவருக்கு முப்பது வயது நிறைந்தது. அன்றுதான் ஏதென்ஸ் நகரிலே ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஜுவென்டஸ், ஹம்பேர்க் அணியிடம் ஒரு கோலால் தோற்றது. அந்தக் கிண்ணம் அவருக்குக் கிட்ட மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றன. கிட்டிய விதமோ எவரும் விரும்பத்தகாதது.

1985 மே 29ஆம் திகதி, பிரசெல்ஸ் நகரின் ஹெய்ஸல் அரங்கிலே ஜுவென்டஸும் இங்கிலாந்தின் லிவர்பூலும் மோதவிருந்தன. ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் இரசிகர் கூட்டமொன்று அடுத்த பகுதியிலிருந்தோர் மீது பாய்ந்தது. அஞ்சி ஓடியவர்கள் ஒரு மதிலோரம் நெருக்குண்டனர். மதிலும் இடிந்து வீழ்ந்தது. 39 பேர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் இத்தாலியர். அரங்கின் மறுகோடியிலே ஜுவென்டஸ் இரசிகர்கள் சினங்கொண்டு கொதித்து நின்றனர். இன்னும் பல உயிர்கள் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. அந்த வேளையிலே இரு அணித்தலைவர்களும் ஒலிபெருக்கியின் முன் நிறுத்தப்பட்டனர். ஜுவென்டஸின் தலைவராக இருந்தவர் ஷிரேயா.

வாழ்நாளெல்லாம் பேசாதிருந்த மனிதர், பேசியே ஆகவேண்டிய வேளை அது. அமைதி காக்கும்படியும், ஆத்திரமூட்டலுக்கு மறுமொழி செய்யாதிருக்கும்படியும் தம் மக்களிடம் அவர் வேண்டிக்கொண்டார். பின்னர் அதிகாரிகளின் தீர்மானப்படி ஆட்டம் நடந்தது. பிளாட்டினி தண்டனை உதையால் அடித்த ஒரே கோலினால் ஜுவென்டஸ் வென்றது. அந்த ஆட்டம் நடந்திருக்க வேண்டுமா, அந்த வெற்றியைக் கொண்டாடியிருக்கலாமா என்ற வினாக்கள் இன்றும் ஓயவில்லை. நான் அவற்றுக்குத் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஆனால், அந்த இரவிலே ஒலிபெருக்கியின் முன் நிற்க அவரைப் போன்ற ஒருவர் இருந்தமை அணிக்கு வாய்த்த நற்பேறு என்று மட்டும் சொல்வேன். சிறுமையாக ஒருநாளும் நடந்துகொள்ளாதவரின் வேண்டுகோளுக்கே அத்தகைய வேளையிலே மதிப்புண்டு.

1988இல் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஜுவென்டஸுக்காக 552 ஆட்டங்கள். 2008இல் டெல் பியரோ கடக்கும்வரை அக்கழகத்திலே அதுவே உச்ச எண்ணிக்கை. இத்தாலியின் தேசிய அணிக்காக 78 ஆட்டங்கள். ஏழு முறை நாட்டின் முதற்பிரிவு வாகை. ஐரோப்பாவின் மூன்று பெருங்கிண்ணங்களையும் வென்ற முதல் வீரர்களுள் அவரும் ஒருவர். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து, 1982இல் ரொஸ்ஸிக்கும் அடுத்து மூன்று ஆண்டுகள் பிளாட்டினிக்குமாக, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவருடைய கழகத்தவர்க்கே கிடைத்தது. இவ்விருவருக்கும் பின்னே நின்று காத்தவருக்கு அது ஒருமுறையும் கிடைக்கவில்லை. அதற்காக அவர் குறைப்பட்டுக்கொண்டதாக எங்கும் நான் படித்ததில்லை.

ஓய்வுக்குப் பின் பழைய அறைத்தோழர் ஸொஃப் ஜுவென்டஸின் பயிற்றுவிப்பாளரானார். ஷிரேயா அவருக்குத் துணைவரானார். 1989இல் போலந்தின் கூர்னிக் ஸாப்ஷே கழகத்தோடு ஜுவென்டஸ் மோதவேண்டி வந்தது. எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்து வரும் பணி ஷிரேயாவுக்குக் கிடைத்தது. பெயர் வெளிவராத வேலை. அவருக்குப் பழகிய வேலை. செப்டெம்பர் 3ஆம் திகதி வார்சோ நோக்கித் திரும்பும் வழியிலே, பாப்ஸ்க் என்னும் ஊருக்கண்மையில், அவர் சென்ற மோட்டார் கார் ஒரு லொறியோடு மோதிற்று. அந்நாட்களிலே போலந்தில் பெற்றோல் தட்டுப்பாடு. காரின் பின்புறத்திலே பெற்றோல் கலன்கள் ஏற்றப்பட்டிருந்தன. தீ மூண்டது. ஷிரேயாவும் உடன் சென்றோருள் இருவரும் மாண்டனர். அவருக்கு வயது 36. மனைவி மரியெல்லாவும் சிறுவனான மகன் ரிக்கார்டோவும் அவருக்காகக் காத்திருந்தனர்.

அன்றிரவு இத்தாலியத் தொலைக்காட்சியின் விளையாட்டு நிகழ்ச்சியிலே இந்தச் செய்தி அறிவிக்கப்பட்டது. நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்து அங்கே அமர்ந்திருந்தவர் டார்டெல்லி. மட்ரிட் நகரிலே ஷிரேயாவின் காலிலிருந்து பந்தைப் பெற்று, உலகம் கேட்க அலறிய அதே டார்டெல்லி. செய்தியைக் கேட்டதும் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே சென்றுவிட்டார்.

சில நாட்களின் பின் ஜுவென்டஸ் போலந்து அணியை இரு ஆட்டங்களிலும் வென்றது. அந்தப் பருவகாலத்தின் முடிவிலே அந்தக் கிண்ணத்தையும் வென்றது. தூரின் நகரிலே ஜுவென்டஸ் அரங்கின் தெற்கு வளைவுக்கும், அரங்கின் அருகே செல்லும் வீதிக்கும் ஷிரேயாவின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். இத்தாலியர் அவரை மறந்தவர்களல்லர்.

நம் பாடசாலைகளிலே மாலை வேளைகளில் உதைபந்தாட்டம் பழக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா மாணவரும் முன்வரிசையையே கேட்பார்கள், அது இயல்பு. பின்னே போய் நில் என்று சொன்னதும் முகம் வாடாமற் போய் நிற்கும் மாணவன் ஒருவன் ஒவ்வோர் அணியிலும் இருப்பான். ஆட்டம் முடிந்து கோல் அடித்தவனை எல்லோரும் தோளிலே தூக்கும்போது, அந்த மற்றவன் எங்கே நிற்கின்றான் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவனுக்கு ஷிரேயாவின் கதையைச் சொல்லுங்கள்.