பதஞ்சலி சாஸ்திரியார்

சட்டம் செய்வது சட்டசபையின் வேலை. அதற்குப் பொருள் சொல்வது கோர்ட்டின் வேலை. கேட்பதற்குச் சுலபந்தான். ஆனால் சட்டசபை செய்த சட்டமே செல்லாது என்று கோர்ட் சொன்னால்? அப்புறம் பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டால்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் அடுத்தடுத்துத் தீர்ப்பு எழுத நேர்ந்தவர் மண்டகொளத்தூர் பதஞ்சலி சாஸ்திரியார்.

1889 ஜனவரி 4-ல் பிறந்தார். தந்தையார் பச்சையப்பன் கல்லூரியில் சமஸ்கிருத பண்டிதர். மகனோ வக்கீலாகி, வருமான வரிச் சட்டத்தில் பெயரெடுத்தார். 1939-ல் சென்னை ஹைகோர்ட் நீதிபதி. 1947-ல் பெடரல் கோர்ட். குடியரசு பிறந்ததும் சுப்ரீம் கோர்ட்.

மாடுங்காவிலும் செம்பூரிலும் இருந்து சட்டம் படிக்கப் போகும் நம் நண்பர்களுக்கு ரமேஷ் தாப்பர் வழக்கு மனப்பாடம். அதில் நம் ஊருக்குப் பங்குண்டு என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை அச்சானது பம்பாயில். 1950 மார்ச் 1-ல் சென்னை சர்க்கார், பொது அமைதியைக் காரணங்காட்டி, அது சென்னை மாகாணத்துக்குள் நுழையவே தடை போட்டது. தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பேச்சுரிமை என்றால் அச்சிட்டதைப் பரப்பும் உரிமையும் அதில் அடக்கம் என்றார் சாஸ்திரியார். அரசின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் தடுக்கலாம்; வெறும் பொது அமைதி என்ற காரணம் அன்றைய அரசியல் சட்டத்தில் இல்லை. எனவே தடைக்கு ஆதாரமான சட்டப்பிரிவு செல்லாது. பஸல் அலி மட்டும் மாறுபட்டார்.

பார்லிமெண்ட் சும்மா இருக்குமா? 1951-ல் முதல் திருத்தம் வந்தது. பொது அமைதியும் காரணமாகச் சேர்ந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கும் அதே திருத்தம் காப்பளித்ததால் ஜமீன்தார்கள் கோர்ட் ஏறினார்கள். அக்டோபர் 5-ல் சங்கரி பிரசாத் வழக்கின் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளுக்கும் சேர்த்து எழுதியவர் சாஸ்திரியாரே. சாதாரணச் சட்டம் அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டது. அரசியல் சட்டத் திருத்தமோ வேறு அதிகாரத்தில் பிறப்பது. அதைக் கோர்ட் தள்ள முடியாது என்று தீர்த்தார்.

பணிந்துவிட்டார் என்று சொல்பவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமது தீர்ப்பின் பலனையே அடித்துப் போட்ட திருத்தத்தை, ரோஷம் பாராட்டாமல் அளந்திருக்கிறார். மறு மாதமே பம்பாய்க்காரரான கனியா காலமாக, தலைமை நீதிபதியானார். 1952-ல் வி. ஜி. ராவ் வழக்கில், சங்கங்களைத் தடைசெய்யச் சென்னை சர்க்கார் வைத்திருந்த சட்டத்தைத் தயங்காமல் தள்ளினார். பணிந்தவர் செய்கிற காரியமா அது? ஆனால் அத்தீர்ப்பிலேயே, ஜனங்களின் பிரதிநிதிகள் நியாயமென்று கருதியதை நீதிபதி தம் சொந்த ருசிக்காகப் புறக்கணிக்கலாகாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

1954 ஜனவரியில் ஓய்வு; 1963 மார்ச்சில் மறைவு. 1967-ல் கோலக்நாத் வழக்கில் அவருடைய சங்கரி பிரசாத் தீர்ப்பு ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் கவிழ்ந்தது. 1973-ல் கேசவானந்தர் வழக்கு. பம்பாய் வக்கீல் பால்கிவாலா வாதாடினார். ஏழுக்கு ஆறு என்று, பார்லிமெண்ட் எதையும் திருத்தலாம், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை மட்டும் குலைக்கக் கூடாது என்று தீர்ந்தது.