முக்கோணமும் விண்மீனும்
(மின்னியல் அறிஞர் கென்னெலியின் வாழ்க்கை)

பிறந்த மண் ஒன்று, வாழும் மண் மற்றொன்று என அமைந்தது நம் வாழ்க்கை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் தொழில் நாடி வந்து குடியேறிய தமிழ் மக்கள் ஒன்றுகூடி மகிழும் இவ்வாண்டு விழா நாளில், நம்மைப் போன்றே மண் விட்டு மண் பெயர்ந்து வாழ்ந்த அறிஞர் ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஆர்தர் எட்வின் கென்னெலி என்பது அவர் பெயர். மின்னியல் நூல்கள் போற்றும் பெயர் அது. ஆயினும் அவர் நம் பாரத நாட்டிற் பிறந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1861ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், பம்பாயைச் சார்ந்த கொலாபாவில் கென்னெலி பிறந்தார். தந்தையார் அயர்லாந்து வழிவந்த கடற்படை அதிகாரி. தாயாரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். தந்தையார் கடற்பணியைத் துறந்து சட்டம் பயில இங்கிலாந்து சென்றமையால், மைந்தரின் கல்வியும் ஆங்கே தொடங்கியது. அக்கல்வியும் பதினான்கு வயதோடு முடிந்தது. கல்லூரி வாயிலை மாணவராக மிதிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இலண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தின் அலுவலகத்தில் ஏவற் பையனாக அமர்ந்தார். அங்கிருந்த நூல்களே அவருக்கு ஆசான்கள் ஆயின.

1876இல் கீழைத் தந்திக் கம்பெனியிற் சேர்ந்தார். மால்டாத் தீவிலும், கடலடிக் கம்பிகளைச் செப்பனிடும் கப்பல்களிலும் அவர் இளமை கழிந்தது. ஆழ்கடலுள் கிடக்கும் கம்பி எங்கே அறுந்தது என்பதைக் கண்ணாற் காண இயலாது. முனையில் நின்று மின்தடையை அளந்து, கணக்கினால் அவ்விடத்தை அறிதல் வேண்டும். கணக்குப் பிழைத்தால் கப்பல் வெறுங்கடலில் அலையும். வெளிமுனைகளின் அளவைக் கொண்டு உள்ளிருப்பதை உணரும் கலையை அவர் பயின்ற பள்ளி அதுவே.

1887ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சென்று, தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூடத்தில் முதன்மை உதவியாளர்களுள் ஒருவராக அமர்ந்தார். அக்காலத்தே நேர்மின்னோட்டம் சிறந்ததா, மாறுமின்னோட்டம் சிறந்ததா என்னும் போட்டி அங்கே கடுமையாக நிகழ்ந்தது. எடிசன் நேர்மின்னோட்டத்தின் கட்சி. மாறுமின்னோட்டம் உயிர்க்கொல்லி என்று காட்டுதற்பொருட்டு ஹெரால்டு பிரவுன் என்பவர் 1888இல் அவ்வாய்வுக்கூடத்திலே நாய்களையும், பின்னர்க் கன்றுகளையும், குதிரையொன்றையும் மின் பாய்ச்சிக் கொன்றார். அச்சோதனைகளில் உடனின்று உதவியவர் கென்னெலி. பெரியோர் வாழ்வை எழுதுவோர் இத்தகைய செய்திகளை மறைத்துவிடுவதுண்டு. மறைத்தல் முறையன்று என்பது நம் கருத்து.

காலத்தின் கோலம் வியப்புக்குரியது. எந்த மாறுமின்னோட்டத்தை அஞ்சத்தக்கதெனக் காட்ட அவர் துணைநின்றாரோ, அதனையே பொறியாளர்கள் எளிதாகக் கணக்கிடும் வழியையும் அவரே வகுத்தார். 1893இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின்முன் மாறுமின்னெதிர்ப்புப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். கலப்பெண்களைக் கொண்டு, ஓமின் விதி மாறுமின்னோட்டத்துக்கும் பொருந்துமாறு அதிற் காட்டினார். மறு ஆண்டே எடிசனை விட்டு நீங்கி, ஹூஸ்டன் என்னும் அறிஞருடன் கூடி ஆலோசனைப் பொறியாளர் ஆனார்.

1899இல் வெளியான சிறு கட்டுரையே அவர் பெயரை மாணவர் ஏடுகளில் நிலைநிறுத்தியது. மின்தடைகள் தொடராகவோ இணையாகவோ அமையின் அவற்றின் மொத்தத்தைக் காண்பது எளிது. மூன்று தடைகள் முக்கோணமாகப் பின்னி, பிற தடைகளுடன் கலந்து நின்றால் அவ்விரண்டு முறைகளும் உதவா. முக்கோணத்தை எடுத்துவிட்டு, நடுப்புள்ளியிலிருந்து மூன்று கைகள் பிரியும் விண்மீனை அவ்விடத்தில் வைக்கலாம் என்றார் கென்னெலி. ஒரு முனைக்குரிய கையின் தடையை அறிய, அம்முனையைத் தொடும் இரு பக்கங்களின் தடைகளைப் பெருக்கி, மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். அ, ஆ, இ என மூன்று முனைகள். அ-ஆ 2 ஓம், ஆ-இ 3 ஓம், இ-அ 5 ஓம் என்க. கூட்டுத்தொகை 10. எனவே அ-வின் கை 1 ஓம், ஆ-வின் கை 0.6 ஓம், இ-யின் கை 1.5 ஓம். இனி ஆ-விலிருந்து 2.4 ஓமும், இ-யிலிருந்து 4.5 ஓமும் ஈ என்னும் நான்காம் முனைக்குச் செல்வதாகக் கொள்வோம். நடுப்புள்ளியிலிருந்து ஈ-க்கு ஒரு வழி 3 ஓம், மறு வழி 6 ஓம். அவை இணையாதலின் 2 ஓம். அதனுடன் அ-வின் 1 ஓமைக் கூட்ட, அ-வுக்கும் ஈ-க்கும் இடையே மொத்தம் 3 ஓம். சிக்கல் அவிழ்ந்தது! வெளிமுனைகளுக்கோ உள்ளே நிகழ்ந்த மாற்றம் தெரியவே தெரியாது. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே முன்னும் 1.6 ஓம், பின்னும் 1.6 ஓம்.

பள்ளி மாணவர்க்கு இது வெறுங்கணக்கு. மும்முனை மின்சாரம் பாயும் பெரிய வலையமைப்புகளை ஆய்வோர்க்கோ இஃது அன்றாடக் கருவி. கிணற்று மோட்டாரை இயக்கும் உழவர் ஸ்டார், டெல்டா என வழங்குவதும் இவ்விரு வடிவங்களையே.

1902இல் மற்றொரு புகழும் அவரை வந்தடைந்தது. முந்திய டிசம்பரில் மார்க்கோனியின் வானொலிக் குறி அட்லாண்டிக் கடலைக் கடந்ததற்குக் காரணம், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்தே மின்னைக் கடத்தும் காற்றடுக்கு இருப்பதே என உய்த்துணர்ந்தார். இங்கிலாந்தில் ஹெவிசைடும் அவ்வாண்டிலேயே தனித்து அம்முடிவுக்கு வந்தார். 1924இல் ஆப்பிள்டன் அதனைச் சோதனையால் மெய்ப்பித்தார். நம் பெரியோர் இரவு வேளையில் தொலைவூர்த் தமிழ் ஒலிபரப்பை மத்திய அலையிற் கேட்டு இன்புற்றது அவ்வடுக்கின் துணையாலேயே.

கல்லூரியிற் பயிலாத கென்னெலி 1902 முதல் 1930 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1933இல் அவருக்கு எடிசன் பதக்கம் கிடைத்தது. 1939ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் பாஸ்டன் நகரில் மறைந்தார்.

அவர் கணக்கு நமக்கும் ஒரு பாடம் உரைக்கின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மாறிற்று. களியக்காவிளைக்கு அப்பால் பெண் கொடுத்தோரும் இப்பால் பெண் எடுத்தோரும் உறவு மாறவில்லை. ஆயின் இவ்வொப்புமை தானே வருவதன்று. ஒரு கையின் அளவு பிழைத்தாலும் முக்கோணமும் விண்மீனும் நிகராகா. நம் பிள்ளைகள் இம்மண்ணின் மலையாளத்தை நன்கு பயிலட்டும். இல்லத்தில் தமிழின் அளவு குறையாது காத்தல் நம் கடன். அங்ஙனம் காப்பின், எவ்வடிவில் வாழினும் நாம் நாமாகவே இருப்போம்.

வாழ்க கென்னெலியின் புகழ்! வளர்க நம் சங்கம்!