எல்லிஸ் துரை கண்ட இருபத்தேழு துரவுகள்

விழா நினைவாகக் கெபி கட்டுவதா, கிணறு வெட்டுவதா என்று நம் குழுவில் நடந்த விவாதம் பங்கு மக்கள் அனைவரும் அறிந்ததே. கிணறு என்று முடிவாயிற்று. எங்கே வெட்டுவது என்பதில்தான் இன்னும் இழுபறி. இவ்வேளையில் எல்லிஸ் துரையின் சரித்திரத்தைச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் 1777-இல் பிறந்தவர். 1796-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் சேர்ந்து, 1810 முதல் அந்நகரின் கலெக்டராக இருந்தார். உத்தியோகத்துக்காகக் கற்ற தமிழ் அவரை ஆட்கொண்டுவிட்டது. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதினார். தென்னாட்டு மொழிகள் வடமொழியில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-இலேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது ஆண்டு கழித்துத்தான். அவர் நமக்கு நெருக்கமாக இன்னொரு காரணமும் உண்டு. வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடித் திரட்டிவர, கத்தோலிக்கரான முத்துசாமிப் பிள்ளையைத் தென் சீமைக்கு அனுப்பியவர் அவரே.

1818-இல் சென்னையில் குடிநீருக்குப் பெரும் முடை. கோட்டைக்கு ஏழுகிணற்றுத் தண்ணீர் 1772 முதலே போய்க்கொண்டிருந்தது. ஊராருக்கு அந்த வசதி இல்லை. எல்லிஸ் ஒரு பெரிய கிணற்றோடு நிற்கவில்லை. இருபத்தேழு துரவுகள் கண்டார். துரவு என்றால் பெருங்கிணறு. கடலோர மணலில் மழைநீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. ஓரிடத்தில் ஆழமாக இறங்கி ஓயாமல் இறைத்தால் உப்பு ஏறிவிடும்; பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் நிலைக்கும். குடத்தைச் சுமக்கும் பெண்களுக்கும் அதுவே நடைக்குறைவு.

இராயப்பேட்டையில் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே தமிழ்ச் செய்யுளில் ஒரு கல்வெட்டு வைத்தார். அதில் தம்மை எல்லீசன் என்றே சொல்லிக்கொள்கிறார். பண்டாரப் பொறுப்பைச் சுமந்த காலத்தில், நாட்டின் உறுப்புகளைப் பற்றிய குறளை ஆராய்ந்து, திதி நட்சத்திரம் பார்த்து, புண்ணியாகவாசனம் செய்வித்ததாகக் கூறுகிறார். கம்பெனி அதிகாரி பஞ்சாங்கம் பார்த்தாரா என்று சிலர் சிரிக்கலாம். நாம் சிரிக்கமாட்டோம். தம்முடையதென்று ஜனங்கள் எண்ணாத கிணற்றில் யாரும் குடத்தை இறக்குவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தக் கல் இன்று மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இருக்கிறது. அவரோ மறு ஆண்டு மார்ச்சிலேயே, தவறுதலாக உட்கொண்ட நஞ்சினால், இராமநாதபுரத்தில் காலமானார். வயது நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை. எழுதிவைத்தவற்றில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று.

நம் ஆம்பூரில் கடல் இல்லை. ஆனாலும் உப்பு உண்டு. தோல் பதனிடும் தொட்டிகளின் கழிவு பாலாற்று மணலில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்த கதையை 1996-இல் உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது. நம் பிழைப்பும் அந்தத் தோலில்தானே. ஆகவே இடம் பார்ப்பதில் நாள் பார்ப்பதைவிடக் கவனம் வேண்டும். ஆலய மதிலுக்குள் வெட்டினால் பாதுகாப்பு என்கிறார்கள் சிலர். மதிலுக்குள் வெட்டிய கிணற்றுக்கு இரவில் பூட்டு விழும். வேற்று மதத்துக் குடும்பங்கள் வாசலில் நின்று தயங்கும். தெருமுனையில் வெட்டுவதே நம் விருப்பம். குறித்த மூன்று இடங்களிலும் முதலில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவோம். முடிவு வந்ததும், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அன்பிய பொறுப்பாளர்கள் தவறாமல் கூடவேண்டும்.