பொன்னின் நிறம் தேடிய பெருமகன் மைக்கேல் ஃபாரடே

பொன்னின் நிறம் யாது என வினவினால், மஞ்சள் எனச் சிறு குழந்தையும் விடையிறுக்கும். அவ்விடை முழுமையானதன்று என்பதையும், அதே பொன் பசுமையாகவும் செம்மையாகவும் நீலமாகவும் தோன்றக்கூடும் என்பதையும் தம் அறுபத்தைந்தாம் அகவையில் ஆய்ந்து காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. மின்னாக்கிக்கு வழிவகுத்தவர் என்றே பள்ளிப் பாடநூல்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்துள்ளன. அவரது முதுமைக்கால உழைப்பாகிய பொன் ஆய்வைப் பற்றி அறிந்தோர் சிலரே. இன்று நானோ அறிவியல் என வழங்கப்பெறும் துறை தன் முன்னோடிகளை எண்ணும்போது அந்த ஆய்வைத்தான் முதற்கண் நினைவுகூர்கிறது. எளிய குடியில் பிறந்து, உயர்கல்வி வாய்க்காது, கைத்தொழில் வழியே அறிவின் உச்சிக்குச் சென்ற அப்பெருமகனின் வாழ்வு நம் மாணவச் செல்வங்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

கொல்லர் மகன்

இலண்டன் மாநகரின் தென்பகுதியில் உள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஃபாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். உடல் நலிவால் நாள்தோறும் உலைக்களம் செல்ல இயலாதவர். 1801ஆம் ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து ஒரு வாரத்திற்கு இதுவே உணவு எனச் சொல்லும் நிலைக்கு அக்குடும்பம் தாழ்ந்தது. எழுத்தும் படிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிவுற்றது.

பதின்மூன்றாம் அகவையில் ஜார்ஜ் ரீபோ என்பாரின் புத்தகக் கடையில் ஏவலராகச் சேர்ந்த ஃபாரடே, 1805இல் அங்கேயே நூல் கட்டும் தொழிலைப் பயிலலானார். ஏழாண்டுகள் அப்பயிற்சி நீடித்தது. தாள்களை மடிப்பதும் தைப்பதும், தோலட்டை பொருத்துவதும், நூலின் முதுகில் தங்க ரேக்கு வைத்துப் பெயர் பொறிப்பதும் அக்காலத்து நூல் கட்டுநர் தொழிலின் கூறுகள். மூச்சுக்காற்றுப் பட்டாலும் பறந்துவிடும் ரேக்கினைக் கையாளுவதற்கு எத்துணை நிதானம் வேண்டும் என்பதை அத்தொழில் அறிந்தோர் உணர்வர்.

கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டுவதோடு ஃபாரடே நில்லாது, அவற்றைப் படிக்கவும் செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவ்வாறு அவர் கைக்கு வந்தவை. 1810ஆம் ஆண்டில் ஜான் டேட்டம் என்பார் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் செல்ல ஒரு ஷில்லிங் நுழைவுக் கட்டணம் தேவைப்பட்டது. கொல்லுத் தொழில் செய்துவந்த அண்ணன் இராபர்ட் அதனைக் கொடுத்துதவினார். தம்பியின் அறிவுப் பசிக்கு அண்ணன் ஈந்த அந்தச் சிறுதொகைக்கு உலகம் பட்ட கடன் பெரிது.

கையால் கட்டிய நூல்

1812ஆம் ஆண்டில், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தந்த நுழைவுச் சீட்டினால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்கும் பேறு ஃபாரடேக்கு வாய்த்தது. கேட்டவற்றையெல்லாம் விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகுறக் கட்டி, அந்நூலை டேவிக்கு அனுப்பி வைத்தார். பரிந்துரைப்பார் எவருமில்லாத இளைஞர்க்கு அவர் கற்ற தொழிலே பரிந்துரை ஆயிற்று. 1813 மார்ச் முதல் நாள் ஆய்வுக்கூட உதவியாளராக அவர் அமர்த்தப்பெற்றார். கட்டடத்தின் மேல்மாடியில் தங்க இரண்டு அறைகளும் கிடைத்தன. அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் மனைவியார் அவரைப் பணியாளராகவே நடத்தினார். அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு, கண்ட அறிஞர்களிடமெல்லாம் கற்க வேண்டியதைக் கற்றுத் திரும்பினார்.

தமிழ்த் துறையினராகிய நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்று இங்குண்டு. அறிவியலில் உயர வேண்டுமெனில் தாய்மொழியில் செம்மையாக எழுதவும் பேசவும் வல்லவராதல் வேண்டும் என ஃபாரடே இளமையிலேயே உணர்ந்திருந்தார். நண்பர்கள் சிலரோடு கூடிக் கட்டுரை எழுதி ஒருவர் பிழையை ஒருவர் திருத்திக்கொண்டார். பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பயின்றார். உயர்கணிதம் அறியாத அவர்க்குத் தெளிந்த உரைநடையே கருவியாயிற்று. பிற்காலத்தில், 1857ஆம் ஆண்டில், கணிதப் பேரறிஞர் மாக்ஸ்வெல்லுக்கு எழுதிய மடலில், கணிதக் குறியீடுகளால் கண்ட முடிவுகளை எளிய மொழியிலும் எழுதித் தருதல் இயலாதா என அவர் பணிவோடு வினவியுள்ளார்.

புகழின் நடுவே

1821ஆம் ஆண்டில் மின்னோட்டத்தால் இடைவிடாத சுழற்சியை உண்டாக்கிக் காட்டினார். அவ்வாண்டிலேயே சாரா பர்னார்டு அம்மையாரை மணந்தார். 1825இல் பென்சீன் என்னும் திரவத்தைக் கண்டறிந்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டு மின்னாக்கிக்கு அடிகோலினார். 1845இல் காந்தவிசை ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பவல்லது எனக் காட்டினார். ஒளிக்கும் மின்காந்தத்திற்கும் உறவுண்டு என்பதற்குக் கிடைத்த முதல் ஆய்வுச் சான்று அதுவே.

இடையில் 1840ஐ ஒட்டி அவரது உடல்நலம் குன்றியது. தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. நேற்றுச் செய்தது இன்று நினைவில் நில்லாத துயரத்தை வெல்ல, ஆய்வுக் குறிப்பேட்டையே அவர் துணையாகக் கொண்டார். பத்திதோறும் வரிசை எண்ணிட்டு எழுதிய அக்குறிப்புகள் இறுதியில் 16,000 எண்ணைக் கடந்தன. நினைவு தவறும் முதியவர் ஒருவர், எதனையும் நினைவை நம்பி விடாது, ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிற்கும் அடையாளமிட்டுப் பாதுகாத்த அந்த ஒழுங்குதான் அவரது பொன் ஆய்வைச் சாத்தியமாக்கியது.

பொன்னும் ஒளியும்

1856ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாய்வு தொடங்கியது. ஒளி ஓர் அலை என்பதும், அவ்வலையின் நீளம் மிகச் சிறிது என்பதும் அப்போது அறியப்பட்டிருந்தன. அவ்வலையினும் மெல்லிய பொருள் குறுக்கிட்டால் ஒளிக்கு யாது நேரும் என்பதே ஃபாரடே எழுப்பிய வினா. அத்துணை மெல்லிதாகியும் தன் இயல்பு கெடாத பொருள் பொன்னே என அவர் கண்டார். இளமையில் நூல் கட்டுநர் கையில் இருந்த தங்க ரேக்கு முதுமையில் மீண்டும் அவர் கைக்கு வந்தது.

ரேக்கின் தடிமனை அவர் கணக்கிட்டார். ஓர் அங்குலத்தை 2,82,000 கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறளவே அது. இன்றைய அளவையில் ஏறத்தாழ 90 நானோமீட்டர். பச்சை ஒளியின் ஓர் அலை நீளத்திற்குள் அத்தகைய ரேக்குகள் ஆறினை அடுக்கி வைக்கலாம். ரேக்கின் மீது பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சளாய் மின்னும். அதனை விளக்கின்முன் பிடித்து ஊடே நோக்கினால் பசுமை தெரியும். கண்ணாடியில் ஒட்டிய ரேக்கைச் சூடாக்கியபோது பசுமை மறைந்தது. பொன் குறையவில்லை, நிறமே போயிற்று. வழுவழுப்பான கடினக் கல்லால் அதனை அழுத்தித் தேய்த்தபோது பசுமை மீண்டு வந்தது. நிறம் உலோகத்தின் உடைமை மட்டுமன்று, அதன் நுண்ணமைப்பையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

இன்னும் மெல்லிய படலம் வேண்டி, பொன் கரைந்த நீரின்மேல் பாஸ்பரசு என்னும் எரியத்தின் சிறு துண்டுகளை மிதக்கவிட்டார். அதன் ஆவியால் நீர்ப்பரப்பில் பொற்படலம் படர்ந்தது. அதனைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்து ஆராய்ந்தார். அவ்வேளையில், படலம் நீங்கி எஞ்சிய நீர் இளஞ்சிவப்புச் சாயல் கொண்டிருத்தலை அவர் கவனித்தார். கழுவி ஊற்ற வேண்டிய அந்நீரைப் பாதுகாத்துவைத்து ஆராயத் தொடங்கியதே அவ்வாய்வின் திருப்புமுனை ஆகும்.

பொன் சேர்த்த கண்ணாடி மாணிக்கம் போற் சிவக்கும் என்பதைக் கைவினைஞர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். காரணம் மட்டும் விளங்காதிருந்தது. அச்செந்நீரில் பொன் கரைந்திருக்கிறதா, துகளாய் மிதக்கிறதா என ஃபாரடே ஆராய்ந்தார். வில்லை ஒன்றினால் ஒளியைக் குவித்து நீரினூடே செலுத்தியபோது, கூரை ஓட்டை வழியே நுழையும் கதிரொளி தூசியால் புலப்படுவதுபோல, ஒளிக்கூம்பு ஒன்று நீருக்குள் தெளிவாகத் தோன்றியது. கரைசலாயின் அவ்வாறு தோன்றாது. ஆகவே பொன் உலோகத் துகளாகவே உள்ளது என முடிவு செய்தார். சிறிது உப்பிட்டதும் செந்நீர் நீலமாயிற்று. துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பருத்தமையே அதன் காரணம் என உய்த்துணர்ந்தார். சிறந்த நுண்ணோக்கியாலும் அத்துகள்களை அவரால் காண இயலவில்லை. காணாததைச் சான்றுகளால் நிறுவினார்.

கைகூடாத நம்பிக்கை

1857 பிப்ரவரி 5ஆம் நாள் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவாக இம்முடிவுகள் அரங்கேறின. அதில் நாம் போற்றத்தக்க நேர்மை ஒன்றுள்ளது. பொன்னின் துணையால் ஒருநிறக் கதிரை வேறுநிறக் கதிராக மாற்றிவிட்டதாகத் தாம் ஒருகாலத்தில் நம்பியதையும், அதனை உறுதிப்படுத்த இயலாமற் போனதையும் அவர் மறையாது கூறினார். ஒளியின் இயல்பை ஆராய்வதற்கு இது பயன்படத்தக்க ஒரு நுழைவாயில் என்ற அளவோடு நின்றார். உலகப் புகழ் பெற்ற முதியவர், தம் பெருவிருப்பம் ஈடேறவில்லை என அறிஞர் அவையில் ஒப்புக்கொண்டார். ஆயினும் கண்டதைக் குறைவின்றி எழுதி வைத்தார். அந்த நேர்மையே பின்வந்தோர்க்கு வழியாயிற்று.

ரிச்சர்டு சிக்மோண்டியும் ஹென்றி சீடென்டாப்பும் 1903ஆம் ஆண்டளவில் படைத்த மீநுண்ணோக்கி, அத்துகள்களின் இருப்பை ஒளிப்புள்ளிகளாய்க் காட்டியது. 1908இல் குஸ்தாவ் மீ அவற்றின் நிறத்தைக் கணக்கினால் விளக்கினார். பொன் துகளில் உள்ள எலெக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒருங்கே அசைந்து, பச்சை சார்ந்த ஒளியை உட்கொள்கின்றன. எஞ்சியது சிவப்பாய்த் தெரிகிறது. துகள்கள் நெருங்கிக் கூடினால் உட்கொள்ளும் நிறம் மாறும், நீலம் தோன்றும். இன்று கருவுற்றமையை அறியும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் செந்நிறக் கோடு இத்தகைய பொன் துகள்களால் ஆனதே. 2020ஐ ஒட்டிப் பரவிய கொரோனாத் தொற்றை விரைந்தறியும் பட்டைகள் பலவும் அவ்வகையினவே. விண்வெளி வீரரின் முகக்கவசத்தில் பூசிய பொற்படலம் காட்சியை விட்டு வெப்பக்கதிரைத் திருப்புகிறது.

ஃபாரடேயின் கைகூடாத நம்பிக்கையும் வேறொரு வழியில் விடை கண்டது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1928ஆம் ஆண்டு கல்கத்தாவில், சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது எனக் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்த திரவங்களுள் ஃபாரடே கண்ட பென்சீனும் ஒன்று. மிக மங்கலான அவ்விளைவு, நுண்ணிய வெள்ளிப் பரப்புகளின் மேலும் பொன் துகள்களின் அருகிலும் பன்மடங்கு வலுப்பெறும் என்பது 1970களுக்குப் பின் புலப்பட்டது. ஃபாரடே தேடிய இடத்திற்கு அருகிலேயே விடை இருந்தது, காலந்தான் கனியவில்லை.

நிறைவு

சர் பட்டம் வந்தபோது ஃபாரடே அதனை ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் இருமுறை மறுத்தார். சிறுவர்க்கான கிறித்துமஸ் சொற்பொழிவுத் தொடர்களை மட்டும் பத்தொன்பது முறை மகிழ்ந்து நடத்தினார். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்த அவர், மன்னர்கள் துயிலும் ஆலயத்தை விடுத்து, ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிய கல்லின்கீழ் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் ஆக்கிய செந்நீர்க் குப்பிகள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் காக்கப்பெற்று வருகின்றன. நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் நிறம் மங்காதிருப்பதற்குக் காரணம், மாசற்ற பாத்திரத்தில் மாசற்ற முறையில் அவர் செய்தமையே. கலம் சிறிது அழுக்குற்றாலும் அந்நீர் கெட்டுவிடும் என அவர் அறிந்திருந்தார். பட்டம் பெற வந்திருக்கும் நம் மாணவர்களுள் கொல்லர் மகனும் உண்டு, கடைச் சிப்பந்தியின் மகளும் உண்டு. வீட்டில் கண்ட தொழிலை எவரும் இழிவாக எண்ண வேண்டா. நூல் கட்டிய கைகளின் நிதானமே பொன்னின் நிறங்களை வெளிக்கொணர்ந்தது.