டாப்சிலிப் தேக்குக் காட்டைத் திரும்ப எழுப்பிய வெள்ளைக்கார அதிகாரி! கைத்தடியோடு காடு சுற்றிய ஹியூகோ வுட் கதை

அன்னூர்,

அன்னூர் சுத்துப்பட்டில் வீடு கட்டுகிறவர்கள் எதில் சிக்கனம் பிடித்தாலும் தலைவாசல் நிலவில் மட்டும் பிடிக்க மாட்டார்கள். ஜன்னலுக்கு வேம்பு போதும், உள்ரூம் கதவுக்கு பிளைவுட் போதும். ஆனா தலைவாசலுக்கு தேக்குத்தான் வேணும். கடன் வாங்கியாவது தேக்கில் நிலவு செய்து, நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்துவார்கள்.

இப்போது மரக்கடைக்குப் போனால் பர்மா தேக்கு, ஆப்பிரிக்கா தேக்கு என்று கப்பலில் வந்த மரத்தைக் காட்டுகிறார்கள். ஒரு காலத்தில் நம்ம ஆனைமலைத் தேக்கு இங்கிருந்து கப்பல் ஏறிப் போனது. போன வேகத்தில் காடே மொட்டை ஆனது. மொட்டையான அந்தக் காட்டை மறுபடியும் துளிர்க்க வைத்தவர் ஒரு வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி. பெயர் ஹியூகோ வுட்.

வுட் என்றால் இங்கிலீசில் மரம், கட்டை என்று அர்த்தம். பேருக்கு ஏத்த வேலைதான் மனுசனுக்கு அமைந்தது!

தள்ளிவிட்ட இடம்தான் டாப்சிலிப்

அன்னூரில் இருந்து கோவை, பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக 100 கிலோ மீட்டருக்கு மேல் போனால் வருவது டாப்சிலிப். பள்ளிக்கூட சுற்றுலாவில் போய் யானை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த ஊருக்கு ஏன் அந்தப் பேர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

மலை உச்சியில் வெட்டிய தேக்கை யானைகள் சங்கிலி கட்டி இழுத்து வரும். சரிவின் விளிம்புக்கு வந்ததும் உருட்டி விடுவார்கள். மரம் வழுக்கிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். உச்சியில் இருந்து வழுக்கி விடுகிற இடம் என்பதால் டாப்சிலிப் ஆகிவிட்டது. கீழே மாட்டு வண்டிகள் காத்திருக்கும்.

இந்த மரத்துக்கு இவ்வளவு அவசரம் ஏன்? இங்கிலாந்தில் கப்பல் கட்ட ஓக் மரம் பற்றாக்குறை. தண்ணியிலும் உளுக்காத, கரையான் அரிக்காத மரம் என்றால் தேக்குதான். பம்பாய் கப்பல் தளத்துக்கு ஆனைமலைத் தேக்கு போனது. 1848-ம் ஆண்டில் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை இந்தக் காட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

அடுத்து ரெயில் வந்தது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு அடியில் போட சுமார் 2 ஆயிரம் கட்டை வேண்டும். போத்தனூர், மேட்டுப்பாளையம் பாதை 1873-ல் ஓட ஆரம்பித்தது. நாடு பூராவும் தண்டவாளம் நீள நீள காடு சுருங்கியது. 1856-ல் சென்னை மாகாணத்துக்கு வனப் பாதுகாவலர் பதவி வந்தது, 1882-ல் வனச்சட்டமும் வந்தது. சட்டம் வந்தும் கோடாலி ஓயவில்லை.

வந்து சேர்ந்தார் வுட்

ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் பிறந்தது 1870-ல். ஆங்கிலேய அரசின் வனப்பணியில் சேர்ந்தவர், 1915-ம் ஆண்டு வாக்கில் தெற்கு கோவை வனக்கோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். டாப்சிலிப்பை ஒட்டிய மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற இடம்தான் அவருக்கு வீடு, ஆபீஸ் எல்லாம்.

அவர் வந்த நேரத்தில் முதல் உலகப்போர் வேறு நடந்துகொண்டு இருந்தது. பொள்ளாச்சிக்கு ரெயில் வந்ததும் அதே 1915-ல்தான். மரம் கேட்டு மேலிடம் நெருக்குகிற காலம். காட்டில் பார்த்தாலோ முக்கால்வாசி வெட்டுப்பட்ட கட்டைகள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வுட் மரமே வெட்டக்கூடாது என்று தர்ணா செய்த ஆள் இல்லை. அவர் சம்பளம் வாங்கியதே அரசாங்கத்துக்கு மரம் கொடுக்கத்தான். அவருடைய கேள்வி வேறு. வருஷா வருஷம் மரமும் எடுக்க வேண்டும், காடும் காலி ஆகக்கூடாது, அதற்கு என்ன வழி?

கரும்புக் கணக்கு

அதற்கு அவர் பிடித்த வழி, நம்ம ஊர் கரும்பு விவசாயிக்குச் சொன்னால் உடனே புரியும். கரும்பு வெட்டிய பிறகு கட்டையைப் பிடுங்குவதில்லை. தண்ணி விட்டால் அதே கட்டையில் இருந்து மறுதாம்பு கிளம்பும். தேக்குக்கும் அந்தக் குணம் உண்டு.

கோடையில் மரத்தைத் தரையோடு தரையாக, வெட்டு வாய் சுத்தமாக இருக்கும்படி வெட்ட வேண்டும். வெட்டுவாயில் தண்ணி தேங்கக்கூடாது, தேங்கினால் கட்டை அழுகிவிடும். மழை விழுந்ததும் கட்டையைச் சுற்றி பத்து பதினைந்து துளிர் கிளம்பும். நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து விடுவார்கள். கீழே பழைய வேர் ஆழமாக ஓடியிருப்பதால், விதையில் முளைத்த செடியைவிட இந்தத் துளிர் மளமளவென்று மேலே போகும்.

ஆனால் துளிர் மரமாக நாள் வேண்டுமே! அங்கேதான் வுட்டின் 25 வருஷக் கணக்கு வருகிறது. காட்டை 25 பங்காகப் பிரி. ஒரு வருஷத்துக்கு ஒரு பங்கை மட்டும் வெட்டு. மற்ற 24 பங்கில் கை வைக்காதே. கடைசிப் பங்கை வெட்டி முடிக்கும்போது முதல் பங்கில் 25 வயசு மரம் நிற்கும். வனத்துறை ஆளுங்க பேச்சில் இந்த வெட்டுப் பங்குக்கு கூப்பு என்று பேர்.

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. கண்ணெதிரே மரம் நிற்கும்போது, ரெயில்வேக்காரன் கேட்கும்போது, இந்த வருஷம் இவ்வளவுதான் என்று சொல்லி நிறுத்துவதுதான் கஷ்டம். 25 வருஷம் என்றால் அதிகாரி ரிட்டையர் ஆகிவிடுவார். பலனை அனுபவிக்கப் போவது வேறு ஒருத்தர். இப்படி ஒரு கணக்கைப் போட்டு, அதை அரசாங்கத்தை ஏற்க வைத்ததுதான் வுட் செய்த பெரிய காரியம். கைத்தடிக் கதை அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கைத்தடிக் கதை

மலைப்பக்கம் போனால் வுட் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது இந்தக் கதைதான். கோட்டுப் பை நிறைய தேக்கு விதை போட்டுக்கொண்டு தினமும் காட்டுக்குள் நடப்பாராம். கையில் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. வெறுமையாக இருக்கும் இடத்தில் கைத்தடியால் ஒரு குத்து. அந்தக் குழியில் ஒரு விதை. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த இடம். மழையானாலும் பனியானாலும் இதே வேலையாம்.

கதை உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் தேக்கு விதை அவ்வளவு லேசில் முளைக்கிற சாமான் இல்லை. சுண்டைக்காய் சைசில், ஓடு கல்லு மாதிரி இருக்கும். ராத்திரி தண்ணியில் ஊறப்போட்டு பகலில் வெயிலில் காயவைத்து, இப்படி நாள்கணக்கில் மாத்தி மாத்திச் செய்தால்தான் ஓடு இளகும். அப்படியும் பாதிக்கு மேல் முளைக்காமல் போவது உண்டு.

பக்கத்து மலபார் பகுதியில் நிலம்பூர் தேக்குத் தோட்டம் 1840-களில் ஆரம்பித்தபோது கலெக்டர் கனோலிக்கு வந்த தலைவலியும் இதுதான். விதை முளைக்கவே இல்லை. சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி பல தடவை முயன்று பார்த்துத்தான் வழி கண்டார். 1846-ல் வைத்த தேக்கு அங்கே இன்னும் நிற்கிறது.

நாற்றுப் பண்ணையில் ஒரு வருஷம் வளர்த்த செடியை எடுத்து, மேலே இரண்டு அங்குலம் தண்டும் கீழே ஒரு சாண் வேரும் விட்டு நறுக்கி, கட்டை விரல் பருமன் குச்சியாக நடுகிற முறைதான் பிற்பாடு எல்லா ஊருக்கும் பரவியது. முதல் மழையில் கடப்பாரையால் குத்தி, குச்சியை இறக்கி, மண்ணை இறுக்கி மிதித்தால் முடிந்தது. இப்போது நம்ம ஊர் தோட்டங்களில் வரப்போரம் தேக்கு வைக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

கல்லில் பேர் இல்லாதவர்கள்

ஒரே ஆள் கைத்தடியோடு நடந்து ஒரு மலைக்காட்டை உண்டாக்க முடியாது. துளிர் கழித்தது, கொடி அறுத்தது, மாசி பங்குனியில் தீத்தடுப்புக் கோடு வெட்டியது, ராத்திரி காவல் இருந்தது எல்லாம் கூலி ஆட்கள். மலசர், காடர், முதுவர், புலையர், இரவாளர் என்று ஆனைமலையில் காலங்காலமாக வாழ்கிற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். யானையைப் பழக்கி மரம் இழுக்க வைத்ததில் மலசர்களுக்கு ஈடு யாரும் இல்லை. அவர்கள் பேரை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை.

மரம் இழுத்த யானைகளும் சாமானியப்பட்டவை இல்லை. கோழிகமுத்தி முகாமில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. வேலைதான் மாறிப்போச்சு. ஊருக்குள் புகும் காட்டு யானையை விரட்டுவதும் பிடிப்பதும்தான் இப்போது அங்கத்திய கும்கிகளின் டூட்டி. 2023-ல் ஓய்வு கொடுக்கப்பட்ட கலீம் அந்த முகாம் யானைதான். 2019-ல் தடாகத்தில் பிடிபட்ட சின்னத்தம்பியும் பழக்கப்பட்டது டாப்சிலிப் பக்கம்தான்.

குன்னூரில் இறந்தார், தேக்குக்குள் தூங்குகிறார்

வுட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொல்கிறார்கள். கடைசிக் காலத்தில் குன்னூரில் இருந்தார். காசநோய் வாட்டியது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி இறந்தார். வயசு 63.

வெள்ளைக்காரர்கள் இறந்தால் சர்ச் தோட்டத்தில் அடக்கம் செய்வதுதான் வழக்கம். வுட் அதை விரும்பவில்லை. தான் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்து, அதற்குப் பணமும் ஒதுக்கி இருந்தாராம். நீலகிரி மலையில் இறந்தவர் உடல் ஆனைமலைக்கு வந்தது. டாப்சிலிப்பில் தேக்குகளுக்கு நடுவே அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீன் மொழியில் ஒரு வரி. நினைவுச் சின்னத்தைத் தேடி வந்தவர்களை, கல்லைப் பார்க்காமல் சுற்றிலும் பார்க்கச் சொல்கிறது அந்த வரி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னுக்கும் இதே வரிதான். அவருக்குச் சுற்றிலும் கல் கட்டிடம், இவருக்குச் சுற்றிலும் மரம்.

தேக்கு மட்டும் காடாகுமா?

வுட் செய்ததில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேக்காகவே நின்றால் அது தோப்பு. கோடையில் இலை உதிர்ந்து காய்ந்த சருகு தீக்குத் தோதாகும். நூறு வகை மரம் நிற்கிற இடத்தில் ஒரே வகை நின்றால் மிருகங்களுக்குத் தீனியும் குறையும். டாப்சிலிப்பிலேயே கரியன் சோலை என்ற பசுமை மாறாக் காடு இருக்கிறது. தேக்குக்குள் நடந்துவிட்டு அங்கே காலை வைத்தால் வித்தியாசம் யாரும் சொல்லாமலே தெரியும்.

ஆனால் அன்றைக்கு தேக்கா சோலையா என்ற போட்டியே இல்லை. தேக்கா, வெறும் கட்டாந்தரையா என்பதுதான் நிலைமை.

அந்தத் தோப்பு 1976-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. 1980-ல் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2007-ல் ஆனைமலை புலிகள் காப்பகம் ஆனது. விற்பனைக்கு மரம் வெட்டுவது போய், இப்போது தேக்கு மரங்களுக்கு அடியில் மானும் காட்டெருமையும் மேய்கின்றன. வெட்டுவதற்காகப் போட்ட கணக்கில் வளர்ந்த மரங்கள், வெட்டுக்குத் தப்பி நிற்கின்றன. வுட்டே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

காத்திருக்கிறது என்றால் என்னவென்று அன்னூர்க்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியது இல்லை. 1,045 குளம் குட்டைகளுக்கு பவானித் தண்ணி கொண்டுவரும் அத்திக்கடவு திட்டத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2024 ஆகஸ்டில்தான் திறப்பு விழா பார்த்தார்கள். தேக்கு பேரைச் சொல்லி ஏமாந்த கதையும் உண்டு. 1990-களில் சில ஆயிரம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று விளம்பரம் செய்த கம்பெனிகளை நம்பி தமிழ்நாடு முழுக்க எத்தனையோ குடும்பம் பணத்தைத் தொலைத்தது. வுட் வைத்த மரத்துக்கு அப்படி ஒரு விளம்பரமும் கிடையாது.

கல்லறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பொள்ளாச்சியில் இருந்து சேத்துமடை வழியாகப் போக வேண்டும். வனத்துறை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் சாமான் இருந்தால் இறக்கி வைத்துவிட வேண்டும். டாப்சிலிப் போனதும் அங்குள்ள வனத்துறை ஊழியர்களிடம் வுட் துரை சமாதி என்று கேட்டால் போதும், எந்தப் பக்கம் என்று கை காட்டுவார்கள். யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் தனியாக மட்டும் போகக்கூடாது.