டாக்டர் ஸாமென்ஹாப்

போலந்து நாட்டின் வடகீழ்த் திசையில் பியாலிஸ்டாக் என்றொரு நகர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ருஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ருஷியர், போலந்தியர், ஜெர்மானியர், யூதர் என்னும் நால்வகை மக்களும் நால்வேறு மொழி பேசி ஆண்டு வாழ்ந்தனர். ஒருவரையொருவர் பகைத்தும் வந்தனர். அந்நகரில் 1859ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் லுட்விக் ஸாமென்ஹாப். இவர்தம் தந்தையார் மொழியாசிரியர். தெருவிற் கண்ட பூசலுக்கெல்லாம் மொழி வேற்றுமையே வேரென்று இவர் இளமையிலேயே துணிந்தார். அத்துணிபு முற்றும் சரியென யாம் கொள்ளோம். ஒரு மொழி பேசுவோரும் தம்முட் போர் செய்தமை வரலாறு கற்றார் அறிந்ததே. எனினும் அவ்விளநெஞ்சின் துயரம் மெய்யானது.

1873இல் குடும்பம் வார்ஸாவிற் குடியேறிற்று. ஒரு நாட்டாரின் மொழி உலகுக்குப் பொதுவாயின் அந்நாட்டார் தலைவராவர், ஏனையோர் என்றும் மாணவராவர் என்று கண்ட ஸாமென்ஹாப், யார்க்கும் உரித்தல்லாத மொழியொன்றை ஆக்க முற்பட்டார். அதற்கு வழி காட்டியது ஆங்கிலமே என்பது வியப்பன்றோ! உயர் வகுப்பில் ஆங்கிலம் பயின்றபொழுது, பெயர்களுக்குப் பால் வேறுபாட்டுச் சிக்கலின்றியும் வினைத் திரிபு மிகக் குறைந்தும் ஒரு மொழி இயங்கக்கூடுமென உணர்ந்தார். பின்னர் ஒருநாள், வாயிற்காவலன் அறையும் மிட்டாய்க் கடையும் ஒரே விகுதி பெற்று ருஷிய மொழியில் எழுதப்பட்டிருத்தலைப் பெயர்ப்பலகைகளிற் கண்டார். ஒட்டுக்களைக் கொண்டே சில வேர்களினின்று பல சொற்களை ஆக்கலாமென்பது புலனாயிற்று. 'போனா' எனின் நல்ல. 'மல்போனா' எனின் தீய. 'பத்ரோ' தந்தை, 'பத்ரினோ' தாய். பகுதி விகுதி பிரித்துப் பழகிய நமக்கு இது விளங்குதல் எளிது.

1878இல், தம் பத்தொன்பதாம் பிறந்தநாளை ஒட்டி, பள்ளித்தோழர் சிலரைக் கூட்டி அம்மொழியின் முதல் வடிவத்தைக் கொண்டாடினார். எம் வயதே அவர்க்கும்! தோழர்களோ விரைவில் அதனைக் கைவிட்டனர். மகனுக்குப் பித்தனென்ற பெயர் வருமென அஞ்சிய தந்தையார் ஏடுகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, மருத்துவம் பயில அவரை மாஸ்கோவுக்கு விடுத்தார். ஸாமென்ஹாப் மீண்டு வந்து, கண் மருத்துவராகி, அனைத்தையும் திரும்ப எழுதினார்.

1887ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சிறு நூலொன்று வார்ஸாவில் ருஷிய மொழியில் வெளிவந்தது. இலக்கண விதிகள் 16. வேர்ச்சொற்கள் ஏறத்தாழ 900. அச்சுச் செலவுக்கு உதவியவர் அவரை மணக்கவிருந்த கிளாராவின் தந்தையார். நம்பிக்கையுடையோன் எனப் பொருள்படும் 'எஸ்பெராந்தோ' என்பதையே ஆசிரியர் தம் புனைபெயராகக் கொண்டார். நாளடைவில் அது மொழிக்கே பெயராயிற்று. மொழியின்மீது தமக்கு உரிமை யாதுமில்லையென அந்நூலிலேயே துறந்தமைதான் இவர் வாழ்விற் பெருஞ்செயலென்போம். ஏழை யூதர்க்கு மருத்துவம் பார்த்துச் சிறுவருவாயில் வாழ்ந்தவர் அவர்.

1905இல் பிரான்சின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. 20 நாடுகளினின்று வந்த 688 பேர் மொழிபெயர்ப்பாளரின்றி உரையாடினர். அடுத்த ஆண்டு பியாலிஸ்டாக்கில் யூதர் படுகொலை செய்யப்பட்டனர். 1914 ஆகஸ்டில் பாரிஸ் மாநாட்டுக்கு 3,700க்கு மேற்பட்டோர் பெயர் தந்திருந்தனர். போர் மூண்டது, கொலோன் நகர்வரை சென்ற டாக்டர் திரும்ப நேர்ந்தது. நோயுற்ற நிலையிலும் பழைய ஏற்பாட்டைத் தம் மொழியில் பெயர்த்து 1915இல் முடித்தார். 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், போர் ஓயுமுன், மறைந்தார்.

1919இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை பிரெஞ்சோடு ஆங்கிலத்திலும் சம மதிப்புடன் எழுதப்பட்டது. பேரரசும் வாணிகமும், பின்னர் அமெரிக்காவின் ஆற்றலும் ஆங்கிலத்தை உலகெங்கும் பரப்பின. இலக்கண எளிமை பரப்பவில்லை. ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டலும் அதனைத் தடுக்கவில்லை. தமிழ் பயிலும் யாமும் அயல்மாநில நண்பர்க்கு ஆங்கிலத்திலேயே கடிதம் வரைகின்றோம்.

டாக்டரின் மக்கள் மூவர். மகன் ஆதாம், அவரும் கண் மருத்துவர், 1940இல் நாஸிகளால் சுடப்பட்டார். மகளிர் ஸோபியாவும் லிடியாவும் 1942இல் திரெப்ளிங்காவிற் கொல்லப்பட்டனர். லிடியா நாடு நாடாகச் சென்று தந்தையாரின் மொழியைக் கற்பித்தவர். 1938இல்தான் அமெரிக்காவினின்று வார்ஸாவுக்கு மீண்டிருந்தார்.