பவ்லாவ்ஸ்க் அரண்மனையும் மரியா அம்மையாரும்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக ஊழியம் புரிபவனுக்கு அரண்மனைகளைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும், ருஷிய நாட்டின் முதல் இருப்புப்பாதை எவ்வூர் வரை சென்றது என்று தேடப் புகுந்தபோது, ஓர் அரண்மனையும், அதனைத் தம் இல்லமாக ஆக்கிக்கொண்ட ஒரு பெண்மணியின் வரலாறும் எனக்குக் கிடைத்தன. பிறந்த மண்ணை விட்டு வந்து அயலூரில் குடித்தனம் நடத்தும் நம் குடும்பத்தார் அறியத்தக்க வரலாறு அது.

1759-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஸ்டெட்டின் நகரில், வூர்ட்டம்பர்க் அரச குலத்தில் ஒரு பெண் மகவு பிறந்தது. ஸோபியா டாரத்தி என்பது பெற்றோர் இட்ட பெயர். எத்யூப் என்னும் சிற்றூரில் இருந்த மாளிகையும், அதனைச் சூழ்ந்த சோலையும் அவர் இளமையில் விளையாடிய இடங்கள். ருஷியச் சக்கரவர்த்தினி காதரைனின் மகன் பால், தம் முதல் மனைவியை 1776-இல் பிரசவத்தில் இழந்தார். அவ்வாண்டிலேயே ஸோபியா அவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டார். அப்போது அவருக்குப் பதினேழு வயது கூட நிறையவில்லை. மதம் மாறிற்று, மொழி மாறிற்று, பெயரும் மரியா பியோதரோவ்னா என மாறிற்று.

1777 டிசம்பரில் தலைமகன் அலெக்ஸாந்தர் பிறந்தான். பேரன் பிறந்த மகிழ்ச்சியில் மாமியார், ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிற்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், ஸ்லாவியங்கா ஆற்றங்கரையில் காடடர்ந்த நிலத்தை மகனுக்கும் மருமகளுக்கும் பரிசளித்தார். பாலின் பெயரால் அவ்விடம் பவ்லாவ்ஸ்க் எனப்பட்டது. ஆனால், நிலத்தைக் கொடுத்த அதே கை குழந்தையை எடுத்துக்கொண்டது. வருங்கால அரசனைத் தாமே வளர்க்க விரும்பிய காதரைன், அலெக்ஸாந்தரைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். 1779-இல் பிறந்த இரண்டாம் மகன் கான்ஸ்தந்தீனுக்கும் அதுவே நேர்ந்தது. பெற்ற தாய் தன் மக்களைக் காண மாமியாரின் இசைவு பெற வேண்டியிருந்தது. மாளிகை பெரிதாயினும் மனத்துயர் மனத்துயரே அன்றோ!

அத்துயரை ஆற்றிக்கொள்ள அவர் வீடு கட்டினார் என்று நான் எண்ணுகிறேன். ரோமானியரின் நீராடு மண்டபங்களை ஆராய்ந்து நூல் எழுதிய சார்லஸ் காமெரான் என்னும் ஸ்காத்லாந்துக் கலைஞர் 1782-இல் அரண்மனைப் பணியைத் தொடங்கினார். பண்டைக் கிரேக்க, ரோமானியக் கட்டட முறையை ஐரோப்பா மீண்டும் போற்றிய காலம் அது. வளைந்து நெளிந்த பொன் அலங்காரங்களை ஒதுக்கி, நேர்க்கோட்டையும் அளவையும் அழகெனக் கொண்டனர். மூன்று அடுக்குள்ள சதுர மாளிகை, மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண் வரிசை, உச்சியில் 64 சிறு தூண்கள் தாங்கும் தாழ்ந்த குவிமாடம், இரு புறமும் கை நீட்டி அணைப்பன போல் வளைந்த நடைமண்டபங்கள்: இதுவே அதன் தோற்றம். சோலையில், எத்யூப் நினைவாக, மரியா ஒரு பால் மனையும் அமைத்துக்கொண்டார்.

1781 முதல் 1782 வரை கணவனும் மனைவியும் வடநாட்டுக் கோமகன், கோமகள் என்னும் புனைபெயருடன் ஐரோப்பாவைச் சுற்றி வந்தனர். பிரெஞ்சு அரச தம்பதியர் செவ்ர் பீங்கானால் ஆன ஒப்பனைக் கலங்களைப் பரிசளித்தனர். இத்தாலியில் பழஞ்சிலைகளை வாங்கினர். வழியெங்கும் இருந்து மரியா, பவ்லாவ்ஸ்க் மேலாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பின்னர் 1795-இல், எந்த அறையில் எப்பொருள் உள்ளது என்று தம் கைப்படவே ஒரு விவரணம் எழுதி வைத்தார். பண்டகசாலைக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தந்தது.

காமெரானுக்குப் பின் வின்சென்சோ பிரென்னா என்னும் இத்தாலியர் உள் மண்டபங்களை அணி செய்தார். குவிமாடத்தின் கீழ் இத்தாலிய மண்டபம். அதையடுத்துப் பசுந்தூண்கள் நிறைந்த கிரேக்க மண்டபம். அதன் ஒரு புறம் பாலுக்குரிய போர் மண்டபம், மறுபுறம் மரியாவுக்குரிய அமைதி மண்டபம். கணவர் படைப்பயிற்சியில் ஈடுபட்டார். மனைவியோ இசை, ஓவியம், செடி வளர்ப்பு ஆகியவற்றில் ஈடுபட்டார். போர்த்னியான்ஸ்கி இயற்றிய இசைநாடகங்களைப் பிரபுக்களே வேடம் புனைந்து நடித்தனர். மரியா கடைசல் பட்டறையும் வைத்திருந்தார். தந்தத்தையும் அம்பரையும் தாமே கடைந்து அவர் செய்த பொருள்கள் இன்றும் உள்ளன.

1796-இல் காதரைன் மறைந்தார், பால் சக்கரவர்த்தியானார். பவ்லாவ்ஸ்க் அரச இருக்கையாகிப் பெரிய ஆசன மண்டபம் பெற்றது. ஐந்து ஆண்டு கூடக் கழியவில்லை. 1801 மார்ச்சில் பால் தம் படுக்கையறையிலேயே கொலையுண்டார். தந்தையை அரியணையினின்று இறக்கும் சூழ்ச்சியை மகன் அலெக்ஸாந்தர் அறிந்திருந்தான். கொலையை அவன் எண்ணவில்லை என்பர். கணவனை இழந்த துயரோடு, மகனை எவ்வாறு நோக்குவது என்னும் துயரையும் அத்தாய் சுமந்தார்.

1803-இல் நெருப்பு அரண்மனையை அழித்தது. மரியா தளரவில்லை. வொரொனீகின் என்னும் ருஷியக் கலைஞரைக் கொண்டு மீண்டும் எழுப்பினார். சோலையில் கணவருக்கு ஒரு நினைவாலயம் கட்டினார். கரம்ஸீன், கிரிலோவ், ஷுக்கோவ்ஸ்கி ஆகிய புலவர்கள் அவருடைய மாலை அவையில் கூடினர். நெப்போலியன் 1810-இல் இளைய மகள் அன்னாவை மணம் பேசியபோது, தாயின் எதிர்ப்பே பெரிதாய் நின்றது.

இவற்றினும் சிறந்தது அவருடைய அறப்பணி. கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லங்களை 1797 முதல் அவர் மேற்பார்த்தார். அங்கே சிசுக்கள் திரளாக மடிவதைக் கண்டு, பலரைக் கிராமக் குடும்பங்களில் வளரச் செய்தார். காது கேளாதோர்க்கு ருஷியாவின் முதற்பள்ளி 1806-இல் பவ்லாவ்ஸ்கிலேயே தோன்றியது. தம் மழலைகளை மடியில் வைத்து வளர்க்க இயலாத ஒருவர், ஊரார் மழலைகளுக்குத் தாயானார்.

பத்து மக்களைப் பெற்று, இரு மகன்களை அரியணையில் கண்டு, 1828-இல் அவர் மறைந்தார். பத்தாண்டு கழித்து, 1838-இல், தலைநகரிலிருந்து வந்த ருஷியாவின் முதல் இருப்புப்பாதை பவ்லாவ்ஸ்க் வரை நீண்டது. அந்நிலையத்தில் இசை மண்டபம் ஒன்றும் இருந்தது. லண்டன் நகரத்து வாக்ஸ்ஹால் பூங்காவின் பெயரை ஒட்டி அதனை வக்ஸால் என்றனர். இன்று ருஷிய மொழியில் பெரிய இரயில் நிலையம் எதுவாயினும் அதன் பெயர் வக்ஸாலே.

1941 முதல் 1944 வரை ஜெர்மானியப் படை அரண்மனையைக் கைக்கொண்டது. அது பின்வாங்கிய காலத்தில் மாளிகை எரிந்து வெறுஞ்சுவராய் நின்றது. ஆனால், ஊழியர்கள் முன்னமே பொருள்களில் பலவற்றை வெளியூருக்கு அனுப்பியும், சிலைகளை மண்ணில் புதைத்தும் காத்திருந்தனர். 1957-இல் முதற்சில மண்டபங்கள் திறக்கப்பட்டன. 1970-களில் பணி நிறைவுற்றது. மரியா அம்மையார் வைத்த இடத்தில் அவர் பொருள்கள் மீண்டும் அமர்ந்தன.

நமக்குக் கிடைத்திருப்பது இரண்டு அறைக் குடியிருப்பே. அதன் முற்றத்திலும் ஒரு துளசி மாடம் உண்டு; ஊரிலிருந்து கொண்டு வந்த ஒரு பித்தளைக் குடம் உண்டு. பால் மனை கட்டிய அந்த அரசியின் மனம் நம் இல்லத்துப் பெண்களுக்குப் புரியும்.